நான்காம் கல்

இருபத்திரண்டாம் நாள் காலையில் சேந்தன் கணக்குப் போடும் மணற்பலகையைத் தூக்கிக்கொண்டு மலைக்குகைக்கு ஏறினார். படிகள் எண்பதுதான். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார்.

குகை வாசலில் குரத்தி இருந்தார். அந்தச் சமணப் பள்ளியில் பெண் ஆசிரியரைக் குரத்தி என்பார்கள். வேங்கைமலைக் குரத்தி தம் மாணவரான சேந்தனைவிடப் பதினோரு வயது இளையவர். ஊரில் பிச்சை ஏற்று வந்த சோற்றை இலையில் பரப்பி, பருக்கை பருக்கையாக விலக்கிப் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தார். சிற்றுயிர் எதையும் அறியாமல் தின்றுவிடக் கூடாது என்பது அங்கே விதி. பார்த்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். ஒன்பது ஆண்டில் அவர் சூடான சோறு உண்டதைச் சேந்தன் கண்டதில்லை.

“அடிகளே, ஒரு கேள்வி.”

“சொல்லுங்கள்.”

“எந்த இடத்தில் நிறுத்தினால் அது பொய்யாகாது?”

குரத்தி தலை நிமிரவில்லை. “இன்னும் ஆயிரமா?”

“இன்னும் ஆயிரம்தான்.”

ஆயிரம் என்பது ஆயிரம் குழி நிலம். சென்ற மழையில் ஆறு திசைமாறி ஒரு சிற்றூரையே விழுங்கியிருந்தது. மிஞ்சி வந்த ஏழு குடும்பங்களுக்கு மலையடிவாரத்தில் ஆயிரம் குழி தரும்படி நாட்டுச் சபை ஓலை எழுதியது. சதுரமாகத் தர வேண்டும். அந்த நாட்டில் புதிதாக விடுகிற நிலம், பாகம் பிரிக்கிற நிலம் எல்லாமே சதுரம்தான். நாலு பக்கமும் ஒரே நீளமாக இருந்தால், பிற்காலத்தில் யார் எந்தப் பக்கத்தைக் கடித்தாலும் ஒரு கயிற்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது சபையின் எண்ணம்.

பதினாறு சாண் கோலை நீளத்துக்கு ஒரு முறை, அகலத்துக்கு ஒரு முறை வைத்தால் அடங்கும் நிலம் ஒரு குழி. ஆகவே கேள்வி எளியது. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் ஆயிரம் வரும்? வர்க்கமூலம் என்று அதற்குப் பெயர். நூறு குழி என்றால் பக்கம் பத்துக் கோல். தொள்ளாயிரம் என்றால் முப்பது. ஆயிரத்துக்கு முப்பத்தொன்று போதாது, முப்பத்திரண்டு மிகுதி. முப்பத்தொன்றரை போதாது. அதோடு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, சேர்த்தால் கொஞ்சம் மிகுதி. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தேடப் போனதில்தான் இருபத்திரண்டு நாள் கரைந்திருந்தது.

நாட்டில் நிலம் அளக்கும் அளவர் காய்ச்சலில் போய்விட்டார். வேறு ஆள் இல்லாததால் முன்பு அளவராக இருந்த சேந்தனைச் சபை கேட்டது. கோலைத் தொட்டு ஒன்பது ஆண்டு ஆயிற்று, இனித் தொடுவதில்லை என்று இருந்தவர், ஏழு குடும்பங்கள் என்றதும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அன்றே தமக்குள் ஒரு முடிவும் செய்துகொண்டார். இந்த முறை மிச்சம் தீரும்வரை நிறுத்துவதில்லை.

“நேற்று மிச்சம் எவ்வளவு இருந்தது?” என்று குரத்தி கேட்டார்.

“கடுகில் பாதி.”

“இன்று?”

“கடுகில் கால்வாசி இருக்கும்.”

“நாளை?”

நாளை என்ன இருக்கும் என்பது சேந்தனுக்குத் தெரியும். கடுகைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம். இல்லாமல் ஆக்க முடியாது. சில எண்கள் அப்படிப்பட்டவை என்று ஒன்பது ஆண்டில் குரத்தியே பலமுறை சொல்லியிருக்கிறார். அது தெரிந்தேதான் சேந்தன் எழுதிக்கொண்டிருந்தார்.

“நீங்கள் சோற்றில் எதுவரை பார்ப்பீர்கள் அடிகளே?”

“கண் தெரிகிறவரை.”

“கண்ணுக்குத் தெரியாதது இருந்தால்?”

“இருக்கத்தான் செய்யும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உண்கிறேன்.”

“அது சோறு. இது எண்.”

“ஆமாம்” என்றார் குரத்தி. “எண்ணுக்குப் பசிக்காது.”

படியில் மூச்சிரைப்புக் கேட்டது. ஏழு குடும்பங்களுக்கும் சேர்த்துப் பேசுகிற வெள்ளைச்சி மேலே வந்தாள். நாற்பது வயதுக்காரி. ஆறு கொண்டுபோனதில் அவள் வீடும் இரண்டு எருமைகளும் புருஷனும் அடக்கம். கையில் ஒரு நாழி வைத்திருந்தாள். அதில் பாதிவரை தினை.

“என்ன அளவரே, பொறந்துடுச்சா?”

“எது?”

“உங்க எண்ணுதான். மாசம் ஒண்ணு ஆகப்போகுது. எங்க எருமைகூட இவ்வளவு நாள் வலிச்சுக்கிட்டுக் கிடந்ததில்லே.”

“இன்னும் இரண்டு நாள்…”

“போன வாரமும் ரெண்டு நாள்தான் சொன்னீரு. உங்க ரெண்டுக்கு எத்தனை நாளுன்னு முதல்ல சொல்லிடுங்க.”

அவள் நாழியைக் குரத்தியின் முன்னால் வைத்தாள். குரல் இறங்கியது.

“தாயே, இது விதை மூட்டையிலேருந்து அள்ளின தினை. முந்தாநாள்லேருந்து இதைத்தான் பொங்குறோம். வேற இல்லே. ஆடி பொறந்து எட்டு நாள் ஆச்சு. மழைக்கு முந்தி உழுது விதைக்கலேன்னா வருசம் போச்சு. இன்னும் அஞ்சு நாள் இப்படியே தின்னா, நிலம் வந்தாலும் போடுறதுக்கு ஒரு மணி இருக்காது.”

“கல் நடுவதற்கு முன்னால் உழுதால் என்ன?” என்று கேட்டார் குரத்தி.

“உழுதோமே. பக்கத்து மேய்ச்சல் நிலம் கொற்றனோடது. மாட்டை விட்டு மிதிச்சுட்டாரு. ‘உங்க நிலம் எதும்மா? கல்லு எங்கே?’ங்கிறாரு. அவரு கேக்கிறதும் நியாயம்தானே?”

வெள்ளைச்சி நாழியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். ஒரு மணிகூடச் சிந்தவில்லை. போகும்போது திரும்பினாள்.

“இவரையும் நான் குத்தம் சொல்லலே. அளவு பிசகினா ஆள் ஆளை வெட்டிக்குவாங்கன்னு பயப்படுறாராம். எங்க ஊருல யாரும் வெட்டிக்கிட்டுச் சாகலே தாயே. தண்ணியிலதான் செத்தோம். மிச்சப்பேரு பசியில சாகாம இருந்தாச் சரி.”

அவள் இறங்கிப் போகும் சத்தம் தேய்ந்தது. சேந்தன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாம் நல்லவனாக இருக்கப் பார்க்கிறோமா, நல்லவனாகத் தெரியப் பார்க்கிறோமா என்று ஒரு கேள்வி சில நாளாகவே அவரைக் குடைந்துகொண்டிருந்தது. அதற்கும் விடை பாதிப் பாதியாகத்தான் வந்தது.

“நான்காம் கல்லை நட உங்களை எது தடுக்கிறது?” என்று குரத்தி கேட்டார்.

“நட்டால் சொல்ல வேண்டுமே.”

வழக்கம் அப்படி. நிலம் அளந்தவன், நான்காம் கல் நட்டதும் அதன் தலையில் வலக்கையை வைத்து, கூடியிருப்பவர்கள் எல்லாரும் கேட்க ‘மிச்சமில்லை’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் விழுந்த பிறகுதான் அது எல்லைக்கல். அதுவரை வெறும் கல்.

“எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்?”

“நானூறு இருக்கும்.”

“நானூறிலும் மிச்சமில்லையா?”

“எல்லாவற்றிலும் இருந்தது. விரல், அரை விரல். யாரும் கேட்டதில்லை. நெடுங்கரை என்ற ஊரில் மட்டும் கேட்டார்கள்.”

ஒன்பது ஆண்டில் சேந்தன் இதைச் சொன்னதில்லை. ஓர் உயிர் போயிற்று, அளவு பிசகியது என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

“ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணனுக்கு இருநூறு குழி, மீதி தம்பிக்கு. இருநூறுக்குப் பதினாலு கோலும் அரைக்காலும் போட்டேன்.”

“போதாதே.”

“மூன்று விரல் போதாது.”

“பிறகு?”

“கை வைத்துச் சொன்னேன். நாலாம் ஆண்டு அண்ணன் வேறோர் அளவரைக் கூட்டிவந்து அளந்தார். மூன்று விரல் குறைந்தது. மிச்சமில்லை என்று நான் சொன்னதை ஊரே கேட்டிருக்கிறது. அப்படியானால் அந்த மூன்று விரல் எங்கே போயிற்று? தம்பி கல்லை நகர்த்திவிட்டான் என்று முடிவுகட்டினார். கையில் மண்வெட்டி இருந்தது.”

கீழே யாரோ விறகு உடைக்கும் சத்தம் கேட்டது.

“தம்பிக்கு முப்பது வயது ஆகவில்லை அடிகளே.”

“கல் நகர்ந்ததா?”

“இல்லை.”

“பதினாலும் அரைக்காலும் போதாது என்பது அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

சேந்தன் பலகையைப் பார்த்தார். காற்றில் கடைசி இலக்கம் கலைந்திருந்தது. குனிந்து விரலால் அதை மறுபடி எழுதத் தொடங்கினார்.

குரத்தி சோற்றை உண்டு முடித்து, இலையை மடித்து வைத்து, மயிற்பீலிக் கற்றையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இறங்குவோம்.”

“எண் இன்னும் வரவில்லை.”

“வராமலே இறங்குவோம்.”

நிலத்துக்கு வடக்கே பாறை, கிழக்கே ஓடை. இரண்டும் கூடுகிற மூலையில் முதல் கல் முன்பே நடப்பட்டிருந்தது. அதற்கு மட்டும் கணக்குத் தேவைப்படவில்லை. தெற்கும் மேற்கும் கொற்றனுடைய மேய்ச்சல் நிலம். குரத்தி இறங்கி வருகிறார் என்றதும் ஏழு குடும்பங்களும் புளியமரத்தடியிலிருந்து எழுந்து வந்துவிட்டன. கொற்றனும் வந்தார். ஆள் பெரிய உடம்பு. கையில் மாடு ஓட்டும் கோல்.

“வாங்க அளவரே. இன்னிக்கு நிலத்தை அளக்கிறீரா, வானத்தை அளக்கிறீரா?”

சேந்தன் கயிற்றுச் சுருளைப் பிரித்தார்.

“எதை வேணும்னாலும் அளந்துக்குங்க. எனக்குத் தெரியாம ஒரு விரல் என் பக்கம் வந்துச்சு, கல்லைப் பிடுங்கி ஓடையில போட்டுடுவேன்.”

“ஓடையில தண்ணியே இல்லையே கொற்றரே” என்றாள் வெள்ளைச்சி. “எல்லாம் எங்க ஊருக்கு வந்துடுச்சு.”

குரத்தி முதல் கல்லின் பக்கத்தில் நின்றார். சேந்தனிடம், “பக்கத்துக்கு ஒரு நீளம் சொல்லுங்கள்” என்றார்.

“தெரியவில்லையே அடிகளே.”

“தெரிந்ததைக் கேட்கவில்லை. ஒரு நீளம் கேட்டேன்.”

இத்தனை பேர் முன்னால் தப்பென்று தெரிந்த ஓர் எண்ணைச் சொல்வது சேந்தனுக்குத் துணியை அவிழ்ப்பது போல இருந்தது. மெதுவாகச் சொன்னார்.

“முப்பது.”

“இந்தப் பக்கம் முப்பது என்றால், ஆயிரம் குழி வருவதற்கு அந்தப் பக்கம் எவ்வளவு வேண்டும்?”

“முப்பத்து மூன்றும், மூன்றில் ஒரு பங்கும்.”

“இரண்டு நீளத்தையும் இந்தப் பாறை ஓரமாகவே அளந்து முளை அடியுங்கள்.”

முளை அடிக்கிற இடத்தை ஒவ்வொரு முறையும் குரத்தி குனிந்து பீலியால் பெருக்கினார். எறும்புகள் விலகிய பிறகே அடிக்க விட்டார். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“இதில் எது தப்பு?” என்று குரத்தி கேட்டார்.

“இரண்டும் தப்பு. ஒன்று குறைவு, ஒன்று மிகுதி.”

“நடுவில் போய் நில்லுங்கள்.”

கயிற்றை இரண்டாக மடித்து நடு இடத்தைக் கண்டார்கள். சேந்தன் போய் நின்றார். முப்பத்தொன்றும், மூன்றில் இரண்டு பங்கும்.

“இதுவும் தப்புதான் அடிகளே. மிகுதி.”

“மிகுதியாகவே இருக்கட்டும். அங்கே ஒரு முளை. இது ஒரு பக்கமானால் அடுத்த பக்கம்?”

சேந்தன் மணலில் வகுத்தார். முப்பத்தொன்று; பிறகு ஒரு கோலைப் பத்தொன்பதாகப் பங்கிட்டால் அதில் பதினொன்று. அந்த இடத்திலும் முளை இறங்கியது. இப்போது இரண்டு முளைகளுக்கும் இடையே ஒன்றரைச் சாண்கூட இல்லை. ஒரு விரல் குறைந்தது.

“முதல்ல அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு தொழுவமே கட்டியிருக்கலாம்” என்றாள் வெள்ளைச்சி. “இப்ப ஒரு கோழி படுத்தா இடம் முடிஞ்சுது.”

“கோழி இருக்கா உங்ககிட்டே?” என்றார் கொற்றன்.

“உம்மகிட்ட இருக்குல்ல.”

யாரோ சிரித்தார்கள். அந்த இடைவெளியையும் ஒரு நூலால் அளந்து, நூலை இரண்டாக மடித்து, நடுவில் மூன்றாவது முளை அடித்தார்கள். பக்கத்து இரண்டையும் பிடுங்கச் சொன்னார் குரத்தி. சேந்தன் மறுபடி வகுத்தார். அடுத்த பக்கத்துக்கு எண் வந்தது. முளையை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். அடிப்பதற்கு இடமில்லை. புது முளை பழைய முளையின் தலைமேலேயே வந்து உட்கார்ந்தது.

அவர் கையிலிருந்த முளையைக் கீழே வைத்தார்.

“என் பலகையில் இதைவிடச் சரியான எண் இருக்கிறது அடிகளே.”

“எங்கே இருக்கிறது?”

“பலகையில்.”

“இருக்கட்டும்” என்றார் குரத்தி.

அதே நீளத்தை ஓடைக் கரையோரமும் அளந்தார்கள். இரண்டாம் கல்லும் மூன்றாம் கல்லும் நின்றன. அந்த இரண்டிலிருந்தும் கயிறு இழுத்து, கூடுகிற இடத்தில் நான்காம் கல்லுக்குக் குழி பறித்தார்கள். நாலு பேர் தூக்கி வந்து இறக்கினார்கள். மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். நேரம் உச்சி ஆகியிருந்தது.

சேந்தன் வலக்கையைக் கல்லின் தலையில் வைத்தார். கல் சுட்டது.

நெடுங்கரையிலும் உச்சி வேளைதான். அங்கே வரப்பில் நின்றபோது கால்கள் கெஞ்சியது நினைவுக்கு வந்தது. பசி. அன்று மாலை வேறோர் ஊரில் வேறொரு வயல் அளக்க வேண்டியிருந்தது. மூன்று விரல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தது நினைவுக்கு வந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. களைப்பு, அவ்வளவுதான். எத்தனையோ முறை தம் குற்றத்துக்குப் பெரிய காரணம் ஒன்றைத் தேடியிருக்கிறார். கிடைத்ததில்லை.

குரத்தியைப் பார்த்தார். அவர் குழி ஓரத்தில் குனிந்து எறும்புகளை விலக்கிக்கொண்டிருந்தார்.

“சொல்லும்” என்றார் கொற்றன்.

“மிச்சம் உண்டு” என்றார் சேந்தன்.

அப்படி ஒரு சொல்லை அந்த நாட்டில் எவரும் கல்லின் மேல் கை வைத்துச் சொல்லிக் கேட்டதில்லை.

“என்னது?” என்றார் கொற்றன்.

“மிச்சம் உண்டு. நிலம் ஆயிரம் குழிக்கு மேல் இருக்கிறது. கூடுதல் உங்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.”

வெள்ளைச்சி தலையில் கை வைத்தாள். “கெடுத்தீரே பாவி மனுசா! வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கப்படாதா?”

கொற்றனின் முகம் சிவந்தது. “எவ்வளவு?”

சேந்தன் நூலை எடுத்தார். பிடுங்கிய அந்த இரண்டு முளைகளின் இடைவெளியில் பாதி. எட்டு விரலும் கொஞ்சமும் இருந்தது. நடுவில் முளை அடித்தால் மிகுதி அந்தப் பாதியைப் பக்கமாகக் கொண்ட சதுரம்தான். அதை மண்ணில் கீறினார்.

“இவ்வளவு.”

கொற்றன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தார். கேலி செய்கிறார்களோ என்ற சந்தேகம் அவருக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டத்தில் காலை வைத்தார். விரலும் குதிகாலும் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நின்றன. மற்றபடி பாதத்துக்கும் கட்டத்துக்கும் சரியாகப் போயிற்று.

“இதுக்கா இருபத்திரண்டு நாள்?”

“ஆமாம்.”

“இது எங்கே இருக்கு?”

“ஒரே இடத்தில் இல்லை. தெற்கு ஓரத்திலும் மேற்கு ஓரத்திலும் இழையாகப் பரவியிருக்கிறது. கூட்டினால் இவ்வளவு.”

கொற்றன் யோசித்தார். மாட்டுக்கோலைத் தோளில் மாற்றிக்கொண்டார். “இழையா வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? எனக்கு மொத்தமா ஓரிடத்துல வேணும்.”

சேந்தன் நான்காம் கல்லை ஒட்டி, நிலத்தின் உள்மூலையில், அதே நூலால் அதே சதுரத்தைக் கீறினார். கீறி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் கட்டத்தைக் கழித்துவிட்டால் மீதி ஆயிரம் குழி. மூலம் கிடைக்கவே இல்லை, நிலம் கிடைத்துவிட்டது.

“இது என்னுது” என்றார் கொற்றன். “எல்லாரும் பார்த்துக்குங்க. இதுல ஒரு பனங்கொட்டை போடுவேன்.”

“போடுங்க. நிழல் எங்களுது” என்றாள் வெள்ளைச்சி.

“காய் என்னுது.”

“எங்க பக்கம் விழுகிற காய்?”

“விழுறப்போ பேசிக்கலாம்.”

“மரம் பருத்துக் கட்டத்தைத் தாண்டி வந்தா?”

“அது பருக்கிறதுக்குள்ள நீயும் இருக்கமாட்டே, நானும் இருக்கமாட்டேன்.”

“அதுக்கும் ஒரு அளவர் வருவாரு” என்றாள் வெள்ளைச்சி. “இவரு மாதிரி ஆளா இல்லாம இருந்தாச் சரி.”

இப்போது சிரிப்பு நன்றாகவே எழுந்தது. கொற்றனும் சிரித்தார். பிறகு சேந்தன் பக்கம் திரும்பினார். “சரி, கழிச்சாச்சு. இப்பவாவது அந்தச் சொல்லைச் சொல்லி முடியும்.”

சேந்தன் மறுபடி கல்லில் கை வைத்தார். யோசித்தார்.

“கயிறு கொஞ்சம் இழுபடும்” என்றார்.

“ஐயோ, விடுங்கப்பா அவரை!” என்று கத்தினார் கொற்றன். “விட்டா மறுபடியும் மணலைப் பரப்பிடுவாரு. கல்லு நின்னுடுச்சு. எனக்குத் தெரிஞ்சு நின்னுடுச்சு. போய் உழுங்க.”

ஏர் இறங்குவதைச் சேந்தன் நின்று பார்த்தார். வெள்ளைச்சி தினை மூட்டையைத் தானே சுமந்து வந்து பாறை நிழலில் வைத்தாள். கடந்து போகும்போது அவரைப் பார்த்த பார்வையில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. வேலை இருந்தது.

மலையேறும்போது முப்பதாவது படியில் உட்கார்ந்தார். குரத்தியும் ஒரு படி மேலே உட்கார்ந்தார். மேற்கில் மேகம் கறுத்திருந்தது. இன்னும் தொலைவில்தான் இருந்தது.

சேந்தனுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு நாள் பாரம் இறங்கியிருந்தது. ஆனால் அதன் அடியில் கிடந்த பழைய பாரம் இப்போது நன்றாகத் தெரிந்தது. ஒருவேளை அதைப் பார்க்காமல் இருக்கத்தான் இதைத் தூக்கிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

“அடிகளே, அன்றைக்கு நெடுங்கரையில் இப்படிச் சொல்லியிருந்தால், அந்தத் தம்பி இருந்திருப்பானா?”

“தெரியாது.”

குரத்தி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் களைப்பு.

பிறகு கேட்டார். “அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?”

“அண்ணன் இருக்கிறார். யாரும் அவரோடு பேசுவதில்லை என்று கேள்வி. தம்பி மனைவி இருக்கிறாள்.”

“அவளோடு பேசுகிறார்களா?”

“பேசுகிறார்கள். கல்லை நகர்த்தியவன் பெண்டாட்டி என்றுதான் ஊரில் அவளுக்குப் பெயர்.”

“அவன் நகர்த்தவில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?”

கீழே ஏர் திரும்பும் இடத்தில் மாட்டை அதட்டும் குரல் கேட்டது. சேந்தன் சொன்னார்.

“எனக்கு.” பிறகு, “இப்போது உங்களுக்கும்.”

“அந்த ஊர் எத்தனை நாள் நடை?”

சேந்தன் பழக்கப்படி மனத்துக்குள் கூட்டத் தொடங்கினார். எத்தனை காதம், எங்கே மேடு, ஆறு திசைமாறிய பிறகு எந்தத் துறையில் இறங்கலாம், தம் முழங்கால் ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்கும். விரல்கள் தொடையின் மேல் இலக்கங்களை எழுதிக்கொண்டே போயின. பாதியில் நின்றன.

“ஏறக்குறைய மூன்று நாள்.”

“அது போதும்” என்றார் குரத்தி. “புறப்படுங்கள்.”